அரைப் புள்ளிக்காரர்களின் தங்கம்

பிரிட்டன் சக்கர நாற்காலி ரக்பி அணி, 2016 முதல் 2021 வரை: ஒரு நிகழ்வு ஆய்வு

2016 டிசம்பரில் யூகே ஸ்போர்ட் ஒரு பட்டியலை வெளியிட்டது. பிரிட்டனில் ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கு அரசுப் பணத்தையும் லாட்டரிப் பணத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்பு அது. டோக்கியோ வரையான நான்கு வருடங்களுக்கு மொத்தம் 34.5 கோடி பவுண்டு ஒதுக்கியிருந்தார்கள். அதில் சக்கர நாற்காலி ரக்பிக்கு ஒரு பவுண்டுகூட இல்லை. அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் சுமார் 30 லட்சம் பவுண்டு பெற்ற அணி, அந்த ஒரே அறிவிப்பில் வெறுங்கையோடு நின்றது.

2021 ஆகஸ்ட் 29 அன்று, டோக்கியோவின் யோயோகி தேசிய அரங்கத்தில், அதே அணி அமெரிக்காவை 54-49 என்று வென்று பாராலிம்பிக் தங்கம் வாங்கியது. கொரோனாவால் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. சுற்றிலும் காலி இருக்கைகள். பிரிட்டனுக்கு இந்த விளையாட்டில் அதுதான் முதல் பாராலிம்பிக் பதக்கம். ஐரோப்பாவுக்கே அதுதான் முதல் பதக்கம். அதற்கு முன் பதக்கம் வாங்கியவை அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, ஜப்பான் என்ற ஐந்து நாடுகள் மட்டுமே.

இந்தக் கதையை "பணம் தர மறுத்தவர்கள் முகத்தில் கரி பூசினார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் இந்த ஆட்டத்தைக் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து பார்த்து வருகிற எனக்கு அந்த வரி போதவில்லை. இங்கே இரண்டு விதமான கணக்குகள் மோதிக்கொண்டன என்று நினைக்கிறேன். ஒன்று, பதக்கத்தை மட்டும் எண்ணுகிற நிதிக் கணக்கு. இன்னொன்று, இந்த ஆட்டத்தின் விதிப் புத்தகத்திலேயே இருக்கிற புள்ளிக் கணக்கு. முதலாவதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் உருவாக்கிய ஆட்டம்

1977-இல் கனடாவின் வினிபெக் நகரில் ஐந்து பேர் சேர்ந்து இதை உருவாக்கினார்கள்: டங்கன் கேம்ப்பெல், ஜெர்ரி டெர்வின், ராண்டி டியூக், பால் லெஜூன், கிறிஸ் சார்ஜென்ட். அன்றைக்குச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கென்று இருந்த பெரிய குழு விளையாட்டு கூடைப்பந்து. கை நன்றாக இருந்து, கால் மட்டும் போனவர்களுக்கு அது சரிப்பட்டு வரும். கழுத்தில் அடிபட்டு விரலும் வேலை செய்யாமல் போனவர்களுக்குப் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் கூடைக்குள் போடுவது நடக்கிற காரியமா? அவர்கள் அணியில் பெயருக்கு இருப்பார்கள், பெரும்பாலும் பெஞ்சில்.

அதனால் கூடையை எடுத்துவிட்டார்கள். களம் மட்டும் அதே 28 மீட்டருக்கு 15 மீட்டர் கூடைப்பந்துக் களம். இரு முனையிலும் 8 மீட்டர் அகலத்துக்கு இரண்டு கூம்பு வைத்தால் அதுதான் கோல் கோடு. பந்து வாலிபால் அளவு. பந்தை மடியில் வைத்துக்கொண்டோ கையில் பிடித்துக்கொண்டோ நாற்காலியின் இரண்டு சக்கரங்கள் அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒரு கோல். நாற்காலியை நாற்காலியால் இடிக்கலாம். உடம்பை இடிக்கக் கூடாது. ஆரம்பத்தில் இதற்கு அவர்கள் வைத்த பெயர் மர்டர்பால், அதாவது கொலைப் பந்து. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆதரவாளர்களிடம் பணம் கேட்க முடியாது என்பதால் பின்னால் மாற்றினார்கள்.

1995-இல் சுவிட்சர்லாந்தின் நொட்வில் ஊரில் முதல் உலகக் கோப்பை நடந்தது. 1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் காட்சி ஆட்டமாக இடம் கிடைத்தது. 2000 சிட்னியிலிருந்து முழுப் பதக்க ஆட்டம். அங்கே இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா ஆஸ்திரேலியாவை 32-31 என்று, ஒரே கோலில் வென்றது.

விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உடலின் செயல்திறனைப் பார்த்து 0.5 முதல் 3.5 வரை ஒரு புள்ளி கொடுப்பார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எது எவ்வளவு வேலை செய்கிறது, இடுப்புக்கு மேல் உடம்பைத் தானே நிமிர்த்திப் பிடிக்க முடிகிறதா என்று மேசையில் வைத்துச் சோதிப்பார்கள். அப்புறம் களத்தில் ஆடும்போதும் கவனிப்பார்கள். 3.5 என்றால் இருப்பவர்களிலேயே அதிகத் திறன், 0.5 என்றால் மிகக் குறைவு. களத்தில் ஒரு நேரத்தில் நான்கு பேர் இருப்பார்கள். அந்த நான்கு பேரின் புள்ளிகளைக் கூட்டினால் 8-ஐத் தாண்டக் கூடாது.

இந்த எட்டு என்ற எண்ணுக்குள்தான் ஆட்டமே இருக்கிறது. இரண்டு பலசாலிகளை, தலைக்கு 3 புள்ளி என்று இறக்கினால் ஆறு போய்விட்டது. மிச்சம் இரண்டு புள்ளிதான். அதற்கு ஒரு 1.5-ஐயும் ஒரு 0.5-ஐயும் இறக்க வேண்டும். ஒரே ஒரு 3.5 போதும் என்று நினைத்தால் கூடவே 2, 2, 0.5 வரலாம். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும், பலசாலியைக் களத்தில் வைத்திருக்க வேண்டுமானால் பக்கத்திலேயே பலம் குறைந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர் இல்லையென்றால் இவருக்கு இடமே கிடையாது. இரக்கப்பட்டு யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து பேரும், தங்களைப் போன்றவர்களை இனி யாரும் பெஞ்சில் உட்கார வைக்க முடியாதபடி ஒரு ஆட்டத்தைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அரைப் புள்ளிக்காரர் என்ன செய்வார்?

முதல் தடவை பார்க்கிறவர்களின் கண் பந்தின் பின்னாலேயே போகும். எனக்கும் அப்படித்தான் போனது. பந்து பெரும்பாலும் அதிகப் புள்ளிக்காரர்களிடம்தான் இருக்கும். அவர்கள்தான் சீறிப் பாய்வார்கள், சுழன்று தப்பிப்பார்கள், கோல் போடுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கபடியில் பாடிப் போகிறவரைத்தான் கூட்டம் பார்க்கும். மூலையில் நின்று கணுக்காலைப் பிடித்துக் கதையை முடிக்கிறவரின் பெயர் மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. அது மாதிரிதான்.

அரைப் புள்ளிக்காரரின் நாற்காலியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வேலை புரியும். கோல் போடுகிறவரின் நாற்காலி கச்சிதமாக, உருண்டையாக இருக்கும். முன்பக்கம் இருபுறமும் வளைந்த இறக்கை மாதிரித் தகடு, யாரும் கொக்கி போட்டுப் பிடித்துவிடாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு. அரைப் புள்ளிக்காரரின் நாற்காலியோ நீளமானது. முன்னால் ஒரு கம்பிச் சட்டம் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தச் சட்டத்தை எதிரியின் சக்கரத்துக்கும் இறக்கைக்கும் நடுவே சொருகிவிட்டால் போதும், பலசாலி அங்கேயே நின்றுவிடுவார்.

கையைப் பாருங்கள். விரல் மடங்காது என்பதால் ரப்பர் பூசிய கையுறை, அதன் மேல் டேப், சிலர் கூடவே பிசினும் தடவிக்கொள்வார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியை, சில சமயம் முன்னங்கையையே சக்கரத்தில் ஒட்டி இழுத்துத்தான் நாற்காலியை நகர்த்த வேண்டும். பந்து வந்தால் பிடிப்பதில்லை, இரண்டு முன்னங்கைகளாலும் அணைத்து மடியில் போட்டுக்கொள்வார்கள். இடுப்பிலும் மார்பிலும் தொடையிலும் பட்டை கட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் முதல் இடியிலேயே உடம்பு முன்னால் மடிந்துவிடும்.

ஆட்டம் நடக்கும்போது இடைவேளையில் ஒருவர் தண்ணீர்ப் பீச்சானை எடுத்துக்கொண்டு வந்து ஆட்டக்காரர்களின் முகத்திலும் கழுத்திலும் பீய்ச்சுவதைக் கவனித்திருக்கலாம். கழுத்துத் தண்டுவடம் முழுதாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. உடம்பு சூடு ஏறிக்கொண்டே போகும், தணிய வழி இருக்காது. வேர்வையின் வேலையைப் பீச்சான் செய்கிறது. இதயமும் அப்படித்தான். அதை வேகப்படுத்தும் நரம்புகள் துண்டிக்கப்பட்டிருப்பதால், எவ்வளவு உழைத்தாலும் பலருக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 130-ஐத் தாண்டாது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு, கால்களை இழந்தும் மார்பு, தோள், முதுகு என்று மேலுடம்பில் பெரும்பகுதி நன்றாக இருக்கிற ஒரு 3.5-ஐ வழிமறித்து நிற்க வேண்டும். இடிக்கிற சத்தம் தகர டிரம்மைச் சம்மட்டியால் அடித்த மாதிரிக் கேட்கும். டயர் வெடிக்கும். மெக்கானிக் ஓடிவந்து சக்கரத்தை மாற்றுவார். மறுபடி இடி.

பலத்தால் இதைச் செய்ய முடியாது. முன்கூட்டியே அறிந்து வைத்துத்தான் செய்ய முடியும். எதிரி எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பதை அவர் திரும்புவதற்கு ஒரு விநாடி முன்னால் கணித்து, அந்த இடத்தில் போய் நின்றிருக்க வேண்டும். துரத்திப் பிடிக்கிற வேகம் அரைப் புள்ளிக்காரரிடம் கிடையாது. ஆகவே நல்ல அரைப் புள்ளிக்காரர் உருவாவதற்குப் பல வருடம் பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டு நிதிக் கணக்குக்கு வருவோம்.

ஐந்தாம் இடம்

2004 ஏதென்ஸில் பிரிட்டன் நான்காம் இடம். 2008 பெய்ஜிங்கில் மறுபடியும் நான்கு. 2012-இல் சொந்த ஊரான லண்டனில் ஐந்து. 2016 ரியோவில் ஐந்து.

ரியோவில் எட்டு அணிகள், இரண்டு குழுக்கள், குழுவுக்கு இரண்டு அணிகள் அரையிறுதிக்குப் போகும். பிரிட்டன் இருந்த குழுவில் ஆஸ்திரேலியா, கனடா, பிரேசில். அந்த ஆஸ்திரேலியாதான் பின்னால் இறுதி ஆட்டத்தில் இரண்டு கூடுதல் நேரம் ஆடி அமெரிக்காவை 59-58 என்று வென்றது. கனடா நான்காவதாக வந்தது. இந்த இரண்டுக்கும் கீழே மூன்றாவதாக நின்ற அணிக்கு ஐந்தாம் இடத்துக்கு மேல் எதுவும் கிடைக்க வழியில்லை.

யூகே ஸ்போர்ட்டின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. பதக்கம் வரும் என்று தோன்றுகிற இடத்தில் பணத்தைக் குவிப்பது, மற்ற இடத்தில் கையை விரிப்பது என்பது பல வருடங்களாகவே அவர்களுடைய வெளிப்படையான கொள்கை. அது வேலையும் செய்தது. ரியோ பாராலிம்பிக்கில் பிரிட்டன் 64 தங்கம் உட்பட 147 பதக்கங்களோடு இரண்டாம் இடம் பிடித்தது. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், தொடர்ந்து நான்கு போட்டிகளில் நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் வந்த ஒரு அணிக்கு இன்னும் 30 லட்சம் பவுண்டு ஏன் கொடுக்க வேண்டும்?

ஆனால் அந்தக் கண்ணாடியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. ஒரு நீச்சல்காரர் ஒரே பாராலிம்பிக்கில் மூன்று, நான்கு பதக்கம் வாங்க முடியும். அவருக்கு ஒரு பயிற்சியாளர், ஒரு குளம் இருந்தால் போதும். சக்கர நாற்காலி ரக்பியில் 12 பேர், ஒவ்வொருவருக்கும் அவர் உடம்புக்கென்றே அளவெடுத்துச் செய்த பல ஆயிரம் பவுண்டு நாற்காலி, உதவியாளர்கள், மெக்கானிக், மருத்துவர், கண்டம் தாண்டிய பயணம். இவ்வளவுக்கும் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் ஒரே ஒரு பதக்கம். ஆண், பெண் என்று தனித்தனிப் போட்டிகூட இல்லை. தலைக்கு இவ்வளவு, பதக்கத்துக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்கிற கணக்கில் இந்த ஆட்டம் என்றைக்கும் தோற்கும்.

எனக்கு வலிக்கிற இடம் இதுதான். கை முழுதாக இருக்கிற ஊனமுற்றவருக்குப் பாராலிம்பிக்கில் பல கதவுகள் திறந்திருக்கின்றன: கூடைப்பந்து, டென்னிஸ், ஓட்டம், படகு. கழுத்தில் அடிபட்டு நான்கு கைகால்களும் பாதிக்கப்பட்டவருக்கு இருக்கிற குழு விளையாட்டு ஏறக்குறைய இது ஒன்றுதான். இதை மூடினால் அவர் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார் என்று சொல்ல முடியாது. 1977-இல் வினிபெக்கில் எந்த பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்களோ, அந்த பெஞ்சுக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

அணி நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. 2017 தொடக்கத்தில் அதுவும் தள்ளுபடியானது.

பணம் இல்லாத வருடங்கள்

நிதி நின்றால் என்ன நிற்கும்? ஆட்டக்காரர்களுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை நிற்கும், அப்புறம் முழுநேரப் பணியாளர்களுக்கு இடமிருக்காது, முகாம்கள் குறையும். கனடாவிலும் ஜப்பானிலும் நடக்கிற பெரிய போட்டிகளுக்குப் போய் ஆடினால்தான் உலகத் தரம் தெரியும். அந்தப் பயணங்களுக்குக் காசு வேண்டும். கழுத்தில் அடிபட்டவர்கள் தனியாக விமானமேறிப் போய்விட முடியாது, கூட ஒருவர் வேண்டும். நிர்வாகம் பொதுமக்களிடம் நிதி திரட்ட இறங்கியது.

அந்த நிலையிலும் 2017-இல் பிரிட்டன் ஐரோப்பியக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. 2015-இல் வென்றது அவர்கள்தான். 2019-இலும் அவர்களே வென்றார்கள். நடுவில் 2018-இல் சிட்னியில் நடந்த உலகக் கோப்பையில் நான்காம் இடம். அந்தக் கோப்பையை ஜப்பான், ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 62-61 என்று வென்று எடுத்துக்கொண்டது. டோக்கியோ நெருங்க நெருங்க யூகே ஸ்போர்ட்டிடமிருந்து ஓரளவு பணம் திரும்பி வரத் தொடங்கியது. பழைய அளவு இல்லை, ஆனாலும் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை இன்னும் உருக்கமாக இருக்கும். உண்மையாக இருக்காது.

இந்த வருடங்களில் நடந்த முக்கியமான காரியம் ஆட்கள் வந்து சேர்ந்ததுதான். ஆப்கானிஸ்தானில் 2013-இல் குண்டு வெடித்து இரு கால்களையும் இழந்த விமானப்படை வீரர் ஸ்டூவர்ட் ராபின்சன் ரியோவுக்குப் பிறகு தேசிய அணிக்குள் வந்தார். மூளைக்காய்ச்சல் நோயால் கால்களை இழந்து, லண்டன் 2012-இல் ஆடிவிட்டு விலகியிருந்த ஆரன் ஃபிப்ஸ் திரும்பி வந்தார். அதே நோயால் கால்களை இழந்த ஜிம் ராபர்ட்ஸ் ரியோ அணியிலிருந்தே இருந்தார். பயிற்சியாளர் பால் ஷா போகவில்லை. கிறிஸ் ரயன் அணித்தலைவர்.

ஜொனாத்தன் காக்கனும் போகவில்லை. அரைப் புள்ளிக்காரர். ஏதென்ஸில் தொடங்கியவருக்கு டோக்கியோ ஐந்தாவது பாராலிம்பிக். மேலே நான் வரிசையாக எழுதிய நான்கு, நான்கு, ஐந்து, ஐந்து என்ற அத்தனை இடங்களும் அவர் வாழ்ந்து பார்த்தவை. நல்ல அரைப் புள்ளிக்காரர் உருவாகப் பல வருடம் பிடிக்கும் என்று சொன்னேன் அல்லவா. அந்தப் பல வருடத்தைத்தான் நிதிக் கணக்கு "பதக்கம் இல்லை" என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தது.

கூடுதல் அரைப் புள்ளி

கைலி கிரைம்ஸ் 18 வயதில் நீச்சல் குளத்தில் குதித்தபோது கழுத்தெலும்பு உடைந்தது. லண்டன் 2012-இல் பிரிட்டன் சக்கர நாற்காலி ரக்பி அணியில் ஆடினார். பிறகு தடகளத்துக்குப் போய் ரியோவில் கிளப் எறிதலில், அதாவது சின்ன மரக்கட்டையைத் தூர எறிகிற போட்டியில், கலந்துகொண்டார். அங்கிருந்து மறுபடி ரக்பிக்கே வந்தார். இவருக்கும் புள்ளி 0.5.

இந்த ஆட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். களத்தில் ஒரு பெண் இருந்தால் அந்த அணிக்கு அரைப் புள்ளி சலுகை உண்டு, அதாவது 8-க்குப் பதில் 8.5 வரை போகலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம். கூட்டிப் பார்த்தால்தான் அதன் வீச்சு தெரியும். இரண்டு 3-கள், ஒரு 0.5 என்றால் வழக்கமாக நான்காவது இடத்துக்கு மிச்சமிருப்பது 1.5தான். அந்த 0.5 ஒரு பெண் என்றால் நான்காவது இடத்துக்கு ஒரு 2 புள்ளிக்காரரை இறக்கலாம். 1.5-க்கும் 2-க்கும் நடுவே இருக்கிற வித்தியாசம், பந்தைப் பதறாமல் வாங்கித் திருப்பிக் கொடுக்கிற கைக்கும் அப்படிக் கொடுக்க முடியாத கைக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம். எதிரணியின் தடுப்பு இறுக்கும்போது அந்த நான்காவது கை ஒரு வழியைத் திறக்கும்.

இதை வைத்து, பெண்களைச் சலுகைக்காகச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் வேலையைச் செய்யத் தெரியாத அரைப் புள்ளிக்காரரைக் களத்தில் வைத்திருந்தால் கூடுதல் அரைப் புள்ளியால் வருகிற லாபத்தை எதிரணி ஒரே கால் பகுதியில் தின்று தீர்த்துவிடும்.

டோக்கியோவில் ஐந்து நாட்கள்

ஐந்து நாளில் ஐந்து ஆட்டம். முதலில் கனடாவை 50-47. பிறகு நியூசிலாந்தை 60-37. ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவிடம் 48-50 என்று தோல்வி. இதனால் குழுவில் இரண்டாம் இடம், அரையிறுதியில் எதிரே ஜப்பான். போட்டியை நடத்துகிற நாடு, நடப்பு உலகச் சாம்பியன், தன் குழுவில் ஒரு ஆட்டமும் தோற்காத அணி. பிரிட்டன் 55-49 என்று வென்றது. அதே நாளில் அமெரிக்கா, முந்தைய இரண்டு பாராலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய ஆஸ்திரேலியாவை 49-42 என்று வெளியேற்றியது.

இறுதி ஆட்டத்தின் ஐந்து கோல் வித்தியாசத்தைக் கால்பந்து வித்தியாசம் மாதிரிப் படிக்கக் கூடாது. சக்கர நாற்காலி ரக்பியில் பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்கள் அநேகமாகக் கோல் போட்டுவிடுவார்கள். இவர் ஒன்று, அவர் ஒன்று என்று மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். 8 நிமிடக் கால் பகுதி நான்கு. பந்தை வாங்கி 12 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், 40 விநாடிக்குள் கோல் போட வேண்டும், 10 விநாடிக்கு ஒரு முறை பந்தைத் தரையில் தட்டவோ இன்னொருவருக்குக் கொடுக்கவோ வேண்டும். இந்த கடிகாரங்களில் ஏதாவது ஒன்று ஓடி முடிந்தால், அல்லது பாஸ் தவறினால், பந்து எதிரணிக்கு. இதை டர்ன்ஓவர் என்பார்கள். ஆட்டம் முழுக்கத் தேடுவது அதைத்தான். ஒரு டர்ன்ஓவர், ஒரு கோல் வித்தியாசம். ஐந்து கோல் வித்தியாசம் என்றால், தான் இழந்ததைவிட ஏறக்குறைய ஐந்து முறை அதிகமாக எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்திருக்கிறார்கள் என்று பொருள். அதுவும் அமெரிக்காவின் சக் ஆவோகி மாதிரி ஒருவர் பந்தைக் கையாளும் அணியிடமிருந்து, இரண்டு நாள் முன்பு தாங்கள் தோற்ற அணியிடமிருந்து.

டர்ன்ஓவர் எப்படிப் பிறக்கிறது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் அரைப் புள்ளிக்காரர் வந்து நிற்பார். எதிரணி பந்தை உள்ளே எறியத் தயாராகிறது. அதை வாங்க வேண்டியவரின் நாற்காலியில் ஒருவர் சட்டத்தைச் சொருகிவிட்டார். இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கலாம் என்றால் அங்கேயும் வழி அடைப்பு. விநாடிகள் ஓடுகின்றன. இடைவேளை கேட்டுத் தப்பிக்கலாம், ஆனால் ஒரு அணிக்கு இடைவேளைகள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான், கடைசிக் கால் பகுதிக்குள் தீர்ந்திருந்தால் அந்த வழியும் இல்லை. பதற்றத்தில் நீளமாக ஒரு பாஸ். பறித்துக்கொண்டு போய் ராபர்ட்ஸோ ராபின்சனோ கோல் போடுகிறார். ஸ்கோர் தாளில் போட்டவர் பெயருக்கு நேரே ஒன்று. சொருகி நின்றவருக்கு நேரே ஒன்றுமில்லை.

அன்றைய 54 கோல்களில் ராபர்ட்ஸ் 24, ராபின்சன் 14. இரண்டு பேர் சேர்ந்து 38. தலைப்புச் செய்திகள் இந்த எண்களோடு வந்தன, வர வேண்டியதுதான், அபாரமான ஆட்டம். கைலி கிரைம்ஸ் பாராலிம்பிக் சக்கர நாற்காலி ரக்பியில் தங்கம் வாங்கிய முதல் பெண் ஆனார். 38 வயதில் காக்கனின் கழுத்தில் முதல் பாராலிம்பிக் பதக்கம் ஏறியது.

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது

நிதியை நிறுத்தியதால்தான் வெறி பிடித்து ஆடித் தங்கம் வாங்கினார்கள் என்று சிலர் பாராட்டாகச் சொல்வதுண்டு. ஆபத்தான பாராட்டு அது. அடுத்த முறை ஒரு அணிக்குப் பணத்தை வெட்டும்போது இதையே உதாரணமாகக் காட்டுவார்கள். கையில் இருக்கிற சான்று வேறு திசையைத்தான் காட்டுகிறது. 2016-க்கு முன்பே ஐரோப்பாவின் சிறந்த அணி அது. பயிற்சியாளரும் காக்கன் மாதிரியானவர்களும் பல வருடமாக அங்கே இருந்தார்கள். கோல் போட ஆட்கள் வந்து சேர்ந்தபோது, அவர்களுக்கு வழி திறந்துவிடத் தெரிந்தவர்கள் ஏற்கனவே தயாராக இருந்தார்கள். அந்தத் தயாரிப்பில் முந்தைய வருடங்களின் பணமும் இருக்கிறது. அதன் பலன் வந்து சேர்வதற்கு முன்பே கணக்கை மூடிவிட்டார்கள் என்பதுதான் என் குறை.

நான்கு வருடத்துக்கு ஒரு முறை மூடித் திறக்கிற நிதிக் கணக்கு, ஒரு அரைப் புள்ளிக்காரர் பக்குவப்பட ஆகும் காலத்தைவிடச் சின்னது. இதற்கு மாற்றாக என் மனதில் இருப்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. மிகக் கடுமையான ஊனம் உள்ளவர்களுக்கென்று இருக்கிற விளையாட்டுகளை, பதக்கப் போட்டியின் பொதுத் தட்டில் வைத்து நிறுக்காமல், தனித் தட்டில் வைத்து நிறுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆட்டத்தின் விதிப் புத்தகம் 8 புள்ளி உச்சவரம்பு வைத்துக் களத்துக்குள் செய்துவிட்டதை, களத்துக்கு வெளியே பணம் பங்கிடுகிறவர்களும் செய்யலாம்.

கொரோனாவை மறந்துவிடக் கூடாது. 2020-இல் நடக்க வேண்டிய போட்டி ஒரு வருடம் தள்ளிப்போனது. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் சரியாக வேலை செய்யாது, ஓங்கி இருமிச் சளியை வெளியேற்றுவதே கஷ்டம். நுரையீரலைத் தாக்குகிற ஒரு நோய் உலகம் முழுக்கப் பரவியிருந்தபோது அவர்களுக்கு அது எப்படிப்பட்ட வருடமாக இருந்திருக்கும். டோக்கியோவில் களமிறங்கிய எட்டு அணிகளுக்கும் இது பொருந்தும்.

2024-இல் பாரிஸ். இறுதி ஆட்டத்தில் ஜப்பான் அமெரிக்காவை 48-41 என்று வென்று தன் முதல் பாராலிம்பிக் தங்கத்தை எடுத்தது. அந்த அணியிலும் ஒரு பெண் அரைப் புள்ளிக்காரர் இருந்தார், கயே குராஹாஷி. டோக்கியோவில் வெண்கலம் வாங்கிய ஜப்பான் அணியிலும் ஆடியவர்தான். பிரிட்டன் அரையிறுதியில் அமெரிக்காவிடம் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 48-50 என்று தோற்றது. மறுபடியும் நான்காம் இடம். டோக்கியோவில் குழு ஆட்டத்தில் அமெரிக்காவிடம் தோற்றதும் இதே 48-50 தான். இரண்டு கோல், அதாவது ஆட்டம் முழுக்க இரண்டு பந்து.